நின்றுபோன பாட்டை மறுபடி தொடங்க விடுங்கள்

சிறுவர் இசைப் போட்டிகளை நடத்தும் சபா நிர்வாகிகளுக்கும், நடுவர்களாக வந்தமரும் வித்வான்கள், விதுஷிகளுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்கள் விதிமுறைத் தாளில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்கவே இந்த மடல். பாதியில் நின்றுபோகும் குழந்தை, மதிப்பெண் குறையாமல், ஒரு முறை முதலிலிருந்து பாடலாம் என்பதுதான் அந்த வரி.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றேன். பதினொரு வயது. மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. பல்லவியும் அனுபல்லவியும் அழகாக வந்தன. சரணத்தின் இரண்டாவது வரியில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், மறந்துவிட்டது. தம்பூரா ஒலித்துக்கொண்டே இருக்க, குழந்தை வாயைத் திறந்தபடி நின்றாள். மணி அடித்தது. நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியிலேயே, "வீட்டில் பாடிப் பார்க்காமல் ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டார். திரும்பி வரும் வழியில், பஸ்ஸின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே கீர்த்தனையை, ஒரே வரியை மெருகேற்றிப் பாடும் சங்கதிகளில் ஒன்றுகூடத் தவறாமல், அவள் மெல்லிய குரலில் பாடி முடித்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியவில்லை என்பதே உண்மை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டியைப் பற்றி ஜோ பேர்ல்மன் இயக்கிய ஆவணப்படத்தைப் பார்த்தேன். 2023 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். கபால்டியின் ஒரு பாட்டு 2019-இல் பிரிட்டனில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது. அப்படிப்பட்டவர் விட்பர்ன் என்ற சிற்றூரில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது இசைத்தொகுப்பை எழுத முடியாமல் தவிக்கிறார். தோள் தன்னை அறியாமல் துள்ளுகிறது. மூச்சு முட்டுகிறது. மகனின் தோளையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவருக்கு டூரெட் என்ற நரம்பியல் கோளாறு இருப்பது பின்னர் தெரியவருகிறது. அது மேடை பயம் இல்லை; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது. ஆனால் பதற்றம் கூடும்போது அந்தத் துள்ளலும் கூடுகிறது, துள்ளல் பதற்றத்தை மேலும் கூட்டுகிறது. படத்தின் முடிவில் அவர் தேறிவருகிறார். பயத்தை வென்ற பாடகரின் கதை என்று நினைத்துத் தொலைக்காட்சியை அணைத்தேன்.

படம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூன் 24 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவின் பெரிய மேடையில், அதே புகழ்பெற்ற பாட்டின்போது அவருக்குக் குரல் போய்விட்டது. தோளும் கழுத்தும் துள்ளத் தொடங்கின. கூடியிருந்தவர்கள் மணி அடிக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரே குரலாக அவருக்காகப் பாடி முடித்தார்கள். மூன்று நாட்களில் அவர் கச்சேரிகளை நிறுத்திவைத்து ஓய்வுக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 27 அன்று, அதே மேடைக்கு வந்து அதே பாட்டைப் பாடினார்.

அந்தக் காட்சிகளை என் மாணவியோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். "அவரை யாரும் திட்டவில்லையா, டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியோர்களே, மேடையேற ஏறக் கூச்சம் தானாகப் போய்விடும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் எத்தனையோ குழந்தைகளிடம் "பயப்படாதே" என்ற ஒரே சொல்லைச் சொல்லி மேடைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை என்பது இப்போது புரிகிறது. ஆபத்து என்று உடல் நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது, அடிவயிற்றிலிருந்து எழ வேண்டிய மூச்சு மார்போடு நின்றுவிடுகிறது. வீணை வாசிப்பவருக்குக் கை நடுங்கினாலும் வீணை நடுங்காது. பாடுகிறவருக்கு வாத்தியமே தொண்டைதான். மனப்பாடமாக இருந்த சாகித்யம் அந்த நொடியில் நழுவினால், அதற்குப் பயிற்சிக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் நான் கேட்ட பாட்டு அதற்குச் சாட்சி.

வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று தனி அதிகாரமே வகுத்தார். அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற கல்வி வீண் என்னும் குறளைத்தான் நாம் குழந்தைகளிடம் சொல்லி அதட்டுகிறோம். போர்க்களத்தில் அஞ்சாமல் சாகிறவர்கள் பலர், அவையில் அஞ்சாதவர்கள் சிலரே என்று அதே அதிகாரத்தில் அவர் சொன்னதை ஏனோ சொல்வதில்லை. அத்தனை அரிய ஒன்றைப் பதினொரு வயதில், ஆறு நிமிடத்தில், முதல் முறையிலேயே காட்டிவிட வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்?

சாகித்யத்தைப் பார்த்துப் பாடுவது இழுக்கு என்ற எண்ணமும் நம்மிடையே வேரோடியிருக்கிறது. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பாடல் வரிகளை மறந்தார். அந்த அச்சம் அவரைப் பல்லாண்டுகள் பெரிய கச்சேரிப் பயணங்களிலிருந்து விலக்கியே வைத்தது. 1994-இல் அவர் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டபோது, வரிகள் ஓடும் திரை ஒன்று எதிரில் இருந்தது. அதனால் அவர் குரல் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. இளம் பிரிவிலாவது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குழந்தையின் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் அதைத் திறக்கவே மாட்டார்கள். இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முடிந்தால், போட்டி தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மேடையில் உட்கார்ந்து, மைக்கில் தன் குரலையும் சுருதியையும் ஒரு நிமிடம் கேட்டுக்கொள்ள வழி செய்யுங்கள். நாற்பது பேர் இருந்தால் நாற்பது நிமிடம் ஆகும்; ஒரு நாள் முழுக்க நடக்கும் போட்டியில் அது தாங்கக்கூடிய நேரமே. குறைகளைச் சபையில் சொல்லாமல் எழுதி ஆசிரியர்களிடம் கொடுங்கள். திருத்த வேண்டியவர்கள் நாங்கள்தானே.

எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தால் போட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறுபடி பாடும் குழந்தையின் சுருதி விலகினால், தாளம் தவறினால், தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள். பாட்டை மதிப்பிடத்தானே அங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பாட்டு வெளியே வர ஒரு வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் மாணவி வகுப்புக்குத் தவறாமல் வருகிறாள். புதிதாக ஒரு வர்ணம் தொடங்கியிருக்கிறோம். இந்த ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டாள். அவளுக்கான விண்ணப்பப் படிவத்தை வாங்கி என் மேஜையில் வைத்திருக்கிறேன். கடைசித் தேதிக்குள் அந்த ஒரு வரி உங்கள் விதிமுறைத் தாளில் வந்தால், அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வேன்.

அன்புடன்,
ஒரு பாட்டு ஆசிரியை