ஸ்லைடரை நகர்த்தினால் திரை ஏன் கறுக்க வேண்டும்?

கேமராவைத் திறக்கும் செயலிகளை எழுதும் நிரலாளர் நண்பர்களுக்கு,

வணக்கம். எனக்கும் இதே தொழில்தான். அடுத்தவர் எழுதிய கேமரா நிரலைச் சரிசெய்து கொடுப்பது என் வேலையில் பெரும்பங்கு. ஆவணம் ஸ்கேன் செய்வது, அடையாளச் சரிபார்ப்புக்கு முகத்தைப் படமெடுப்பது, கடைச் சரக்கைப் படமெடுத்து ஏற்றுவது என்று எந்தச் செயலி வந்தாலும் புகார் ஒரே மாதிரி இருக்கிறது. டார்ச் போட்டாலோ வெளிச்சத்தைக் கூட்டினாலோ முன்காட்சி (படமெடுக்கும் முன் திரையில் ஓடும் காட்சி) கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது. சில போன்களில் போனது வருவதே இல்லை.

உள்ளே பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். பயனர் எதைத் தொட்டாலும் கேமராவை மூடுகிறீர்கள், மறுபடி திறக்கிறீர்கள், புதிதாக ஒரு செஷன் (கேமராவிலிருந்து படம் வாங்கும் இணைப்பு) அமைக்கிறீர்கள். மாதிரி நிரலில் முதல்முறை கேமராவைத் திறக்க எழுதியிருந்த பகுதியை அப்படியே எல்லாப் பொத்தானுக்கும் கட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு செஷனை அமைக்கச் சில நூறு மில்லிசெகண்ட் பிடிக்கலாம் என்று ஆண்ட்ராய்டு ஆவணமே சொல்கிறது. விளக்குச் சுவிட்சைத் தட்டுவதற்கு வீட்டுக்கு மறுபடி வயரிங் செய்வானேன்?

நான் கேட்பது இவ்வளவுதான்: ஓடிக்கொண்டிருக்கும் முன்காட்சியை நிறுத்தாமல் அமைப்பை மாற்றுங்கள்; சென்சார் உண்மையில் எந்த மதிப்புக்கு வந்ததோ அதைத் திரையில் காட்டுங்கள்.

இதற்கான வழி புதிதல்ல. ஆண்ட்ராய்டின் பழைய கேமரா ஏபிஐயிலேயே (செயலி கேமராவோடு பேசும் நிரல் இடைமுகம்) முன்காட்சி ஓடும்போது பிளாஷ், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் ஈடு (தானியங்கி தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) ஆகியவற்றை மாற்ற முடிந்தது. முன்காட்சியின் அளவை மாற்றத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 லாலிபாப்போடு கேமரா2 என்ற புதிய ஏபிஐ வந்தபிறகு இன்னும் சுலபம். கேமராவுக்கு அனுப்பும் கோரிக்கையைத் தயாரிக்கும் ரிக்வெஸ்ட் பில்டர் ஒன்றையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பை அதில் மாற்றி, பில்ட் செய்து, அதே செஷனில் செட்ரிப்பீட்டிங்ரிக்வெஸ்டை மறுபடி கூப்பிடுங்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஓடத் தொடங்கும், திரை கறுக்காது. கேமரா2இன் மேல் கட்டிய கேமராஎக்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஜூம், டார்ச், எக்ஸ்போஷர் ஈடு எல்லாம் கேமராகண்ட்ரோலில் ஒரே வரி. ஐபோனிலும் லாக்ஃபார்கான்ஃபிகரேஷன் போட்டு, மாற்றி, அன்லாக் செய்தால் போதும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) மட்டும் ஆக்டிவ்ஃபார்மட் சொல்லும் எல்லைக்குள் வையுங்கள், தாண்டினால் செயலியே விழுந்துவிடும்.

ரெசல்யூஷனை மாற்றுவது, முன் கேமராவிலிருந்து பின் கேமராவுக்குப் போவது போன்றவற்றுக்கு மறுபடி அமைக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் கடைசி ஃப்ரேமை மங்கலாக்கித் திரையில் நிறுத்தி வையுங்கள்.

அடுத்த புகார், "ஸ்லைடர் நகர்கிறது, படம் மாறவில்லை." தானியங்கி எக்ஸ்போஷர் இயங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அனுப்பும் ஐஎஸ்ஓவையும் ஷட்டர் நேரத்தையும் கேமரா கண்டுகொள்ளாது. அதை அணைக்க வேண்டும். அணைத்ததும் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஃப்ரேம் நேரம் மூன்றுமே உங்கள் பொறுப்பு. பலர் இங்கே ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 நொடி என்று ஏதோ ஒன்றை நிரலில் பதித்து வைக்கிறார்கள். மேனுவலுக்கு மாறிய கணத்தில் படம் இருண்டுபோகிறது. ஃப்ரேமோடு கேமரா திருப்பித் தரும் விவரம்தான் கேப்ச்சர்ரிசல்ட்; கடைசியாக வந்ததில் தானியங்கி முறை தேர்ந்தெடுத்த மதிப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் மாறியதே தெரியாது.

ஸ்லைடர் தரும் ஒவ்வொரு தொடு நிகழ்வுக்கும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புவதும் வீண். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் முன்காட்சியில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 33 மில்லிசெகண்ட். அந்த இடைவெளிக்குள் வந்தவற்றில் கடைசி மதிப்பை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பிய மதிப்பும் உடனே தெரியாது. ஏற்கெனவே வரிசையில் போய்விட்ட ஃப்ரேம்கள் பழைய மதிப்போடுதான் வரும். ஆகவே "ஐஎஸ்ஓ 800" என்று நீங்கள் கேட்டதை எழுதாமல், ரிசல்டில் வந்த எண்ணை எழுதுங்கள். எக்ஸ்போஷர் ஈட்டிலும் இதே குளறுபடி நடக்கிறது. ஏபிஐ தருவது படி எண். ஒரு படி 1/3 ஈவி (வெளிச்ச அளவின் அலகு) என்றால் படி 6 என்பது 2 ஈவி. பல செயலிகள் +6 என்றே போட்டுவிடுகின்றன. படமெடுக்கத் தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கில் எரியும் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் முன்காட்சியில் பட்டை பட்டையாக ஓடும். 1/50இலோ 1/100இலோ வைத்தால் அடங்கிவிடும். தானியங்கி முறையில் ஆன்டிபேண்டிங் என்ற பட்டை தடுக்கும் அமைப்பு இதைக் கவனித்துக்கொள்ளும். மேனுவலில் அது வேலை செய்யாது, செயலிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் திறந்து பார்க்கும் ஸ்லைடர்களில் 1/30, 1/60, 1/125 என்றுதான் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் படமெடுப்பவர் போன் கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார்.

ஷட்டர் நேரம் கூடும்போது இன்னொரு சிக்கல். அரை நொடி வைத்தால் முன்காட்சி நொடிக்கு 2 ஃப்ரேமுக்கு வந்து இழுக்கும். பயனர் போன் உறைந்துவிட்டதென்று பொத்தானைப் போட்டு அமுக்குவார். கேமரா2இல் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனி அமைப்பு உண்டே, அதைப் பயன்படுத்துங்கள். முன்காட்சியை 1/15இல் நிறுத்தி, குறைகிற வெளிச்சத்தை ஐஎஸ்ஓ எல்லை விடும் வரை கூட்டி ஈடுகட்டலாம். படமெடுக்கும் ரிக்வெஸ்டுக்கு மட்டும் அரை நொடி. முன்காட்சி கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. ஆனால் படம் இப்படி இருக்காது என்பதைத் திரையில் ஒரு சின்னக் குறியாவது சொல்லட்டும்.

அப்புறம், எல்லா போனும் உங்கள் மேசையில் இருக்கும் போன் அல்ல. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கேமராவும் தன் திறன் நிலையை அறிவிக்கும். லெகஸி என்று அறிவிக்கும் கேமராவில் மேனுவல் சென்சார் (ஐஎஸ்ஓ, ஷட்டரைக் கையால் அமைக்கும் வசதி) கிடையாது. லிமிடெட்டிலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறந்ததும் கேமராவின் திறன் பட்டியலான கேரக்டரிஸ்டிக்ஸைக் கேட்டுவிட்டு, இல்லாத ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். வேலை செய்யாத ஸ்லைடரைக் காட்டி ஒரு நட்சத்திரம் வாங்குவதற்கு, டார்ச்சும் எக்ஸ்போஷர் ஈடும் மட்டும் ஒழுங்காக இயங்கும் செயலி எவ்வளவோ மேல். வெளியிடும் முன் விலை குறைந்த பழைய போன் ஒன்றை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து, எல்லா ஸ்லைடரையும் முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
கேமரா நிரல் திருத்தும் ஒருவன்