பற்றரி கிரைண்டர் விற்கும் திருகோணமலை முதலாளிமாருக்கு

நகரத்தில் மின்கருவி விற்கும் ஹாட்வெயார் கடை முதலாளிமாருக்கும் கவுண்டரில் நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் மோட்டர் சுற்றிப் பிழைப்பவன். இருபது வருசத்துக்கு மேலாக உங்கள் கடைகளில்தான் கம்பி, பெயாரிங், கார்பன் பிரஷ் எல்லாம் வாங்குகிறேன். முகத்தைக் கண்டால் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன், எங்காவது கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவின் மகனுக்குக் கை வெட்டுப்பட்ட கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "கவனமில்லாமல் வேலை செய்திருப்பான்" என்று நான் நிற்கும்போதே ஒரு கடையில் பேசினார்கள். அன்றைக்கு வாய் திறக்காமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், அவன் கவனமில்லாதவன் இல்லை. பதினாறு வயதிலிருந்து தச்சுவேலை செய்கிறவன்.

உப்புவெளியில் ஒரு வீட்டுக்குக் கதவு நிலை வைத்துக்கொண்டிருந்தான். பாதி வெட்டில் பற்றரி இறங்கி, கையில் பிடித்து வெட்டுகிற அந்தக் கிரைண்டர் தானாக நின்றுவிட்டது. தானாக நின்றதால் சுவிட்சில் கை போகவில்லை, மெசினை ஓட்ட முன்னுக்குத் தள்ளிப் பூட்டினபடியே அது இருந்தது. சார்ஜரில் கிடந்த மற்றப் பற்றரியை எடுத்தான், மெசினின் தலைப்பக்கத்தை இடது கையால் தாங்கிப் பிடித்தான், பின்பக்கம் பற்றரியைத் தள்ளினான். 'டக்' என்று அது பூட்டின அதே நேரம் பிளேட் சுற்றத் தொடங்கிவிட்டது. அந்த மெசின் பெட்டியில் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்று போட்டிருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒரு செக்கனுக்கு 140க்கு மேல், போட்டிருந்தது நாற்பது பல்லு மரப் பிளேட். கையை எடுக்க யாருக்கு நேரம் கிடைக்கும்?

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் போகிற தசைநாண் இரண்டும் அறுந்துவிட்டன. தைத்திருக்கிறார்கள், கிளினிக்குக்குப் போய் வருகிறான், ஆனால் விரல் இன்னும் மடங்கவில்லை. தச்சனுக்கு இடது கைதான் உளி பிடிக்கிற கை. போன கிழமை நான் போனபோது பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி, உளியைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பலகைத் துண்டில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தட்டுக்கு உளி சரிந்துவிடும், திரும்ப இழுத்துக் கட்டுவான். நான் வாசலில் நிற்பதை அவன் காணவில்லை. கூப்பிடாமலே திரும்பி வந்தேன்.

அந்த மெசின் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பிளேட்டை மறைத்துக் கையைக் காக்கிற மூடி, அந்தக் கார்ட், உள்ளே பிளாஸ்டிக் பையிலேயே இருக்கிறது. ஏன் பூட்டவில்லை என்று கேட்டால், கடையிலேயே பிளேட்டைப் போட்டுத்தான் கொடுத்தார்களாம். கிரைண்டர் 100 மில்லிமீற்றர் தட்டுக்குச் செய்தது, நாலு இஞ்சி மரப் பிளேட் என்று நாம் வாங்குவது 110 மில்லிமீற்றர், கார்ட் இருந்தால் அது உள்ளே போகாது. அதனால் கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, பிளேட்டின் நடு ஓட்டைக்கு ஒரு வளையம் வைத்து இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. பல கடைகளில் இப்படித்தான் நடக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பல்லு வைத்த பிளேட் மரக்கணுவில் கடித்தால் கிரைண்டர் ஆளை நோக்கித் துள்ளும் என்பதும் தெரியும். மரம் அறுக்கிறவனுக்கு அடித்தட்டும் கார்டும் உள்ள மரம் வெட்டும் மெசினைக் காட்ட வேண்டியவர்கள் நீங்கள்தானே?

நான் கேட்பது ஒன்றுதான். பற்றரிக் கருவி ஒன்றை விற்கும்போது தமிழில் ஒரு தாளும், வாயால் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடமும் கொடுங்கள்.

வயர் இல்லாததுதான் இதில் வினை. வயர் உள்ள மெசின் என்றால் பிளேட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுவது எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. இதில் கழற்ற ஒன்றுமில்லை என்று கை நினைத்துவிடுகிறது. பிளேட் மாற்றுவதென்றாலும் துடைப்பதென்றாலும் முதலில் பற்றரியைக் கழற்று, திரும்பப் போடுமுன் சுவிட்சைப் பார். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நல்ல மெசின்களில் சுவிட்ச் போட்டபடி பற்றரியைச் செருகினால் ஓடாமல் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. எதில் இருக்கிறது எதில் இல்லை என்றாவது சொல்லி விற்கலாம் அல்லவா.

அப்புறம் சார்ஜர் விசயம். 12 வோல்ட் ட்ரில்லுக்கு உள்ளே மூன்று செல், முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். 18 வோல்ட், 21 வோல்ட் என்று விற்பது இரண்டுமே ஐந்து செல்தான், முழுச் சார்ஜில் 21. மலிவான செட்டுகளில் இரண்டுக்கும் ஒரே உருண்டைப் பின். சார்ஜர் பழுது என்று வருகிறவனுக்கு பின் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தால், 12 வோல்ட் பற்றரியில் 21 வோல்ட் ஏறும். உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சேர்க்கிட் வேலை செய்யவில்லை என்றால் நித்திரையில் வீடு பற்றும். 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த பற்றரிகளையும் என் மேசையில் திறந்திருக்கிறேன். அதே ஐந்து செல். அந்த எண்ணை வோல்ட் என்று சொல்லி விற்காதீர்கள்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் ஊர்த் தகரக் கொட்டில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலை செய்து சூடேறிய பற்றரியை அந்தக் கொட்டிலிலேயே சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஆறவிட்டு, நிழலில், ஆள் இருக்கும்போது போட வேண்டும். பைபர் போட் திருத்துகிறவர்கள் கொண்டுவரும் பற்றரிகளில் உப்புக்காற்றுப் பட்டு முனைகள் பச்சை பிடித்திருக்கும், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாலே போதும். வெட்டுத் தட்டின் நடு வளையத்தில் காலாவதித் திகதி அடித்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பாருங்கள்.

ஆபத்தான இயந்திரப் பாகத்துக்குக் காப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் தனியாக நின்று நிலை வெட்டுகிறவனை எந்த அதிகாரி வந்து பார்க்கப்போகிறார்? தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, அந்தப் பெட்டிக்குள் இருந்த புத்தகம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். பற்றரி போடுமுன் சுவிட்சை நிறுத்து என்று அதில் படத்தோடு இருக்கிறது. மருமகனுக்கு அதை வாசித்துக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை, கையைத்தான் பார்த்தான்.

அந்த மெசினைக் கையில் எடுக்குமுன் கடைசியாக அவன் பார்த்த முகம் அதிகாரியுடையது இல்லை, உங்கள் கவுண்டரில் நின்ற தம்பியுடையது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது சரியில்லை, முதலாளி. சண்டைக்கு வரவில்லை, தயவாகவே கேட்கிறேன். ஒரு தாள், ஐந்து நிமிடம், கார்ட் பூட்டின மெசின்.

தாளை நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். போட்டோக்கொப்பிச் செலவும் என்னுடையது. வருகிற கிழமை கடை கடையாக ஐம்பது ஐம்பது கொண்டுவந்து தருவேன். பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க ஓர் இடம் ஒதுக்கித் தாருங்கள்.