பாங்கர் சிட்டியின் எட்டுக் கோப்பைகள் இப்போது யாருடையவை?

வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1876இல் ரெக்ஸாம் நகரத்தில் உங்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் வடமேற்குக் கரையோரம் பாங்கர் நகரத்திலும் ஒரு கால்பந்துக் கழகம் பிறந்தது. 2026 உங்களுக்கு 150ஆவது ஆண்டு. உங்கள் வயதையொத்த பாங்கர் சிட்டி இன்று இல்லை. 2022 பிப்ரவரியில் இரண்டாம் அடுக்கு லீகிலிருந்து விலகியதோடு அதன் கதை முடிந்தது. ஆண்டு விழா மலரில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்குவீர்கள், அதில் இத்தாலியின் நாப்போலி அணியை வென்ற கதையும் இடம்பெறும் என்றே நினைக்கிறேன். நான் கேட்க வந்தது அந்த அரைப் பக்கத்தை அல்ல. உங்கள் நாட்டுக்காரன் அல்லாத, கால்பந்து வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஒரு தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

நாப்போலி கதையை அரைகுறையாகச் சொல்வதுதான் வழக்கம். 1962 வேல்ஸ் கோப்பை இறுதியில் பாங்கருக்கு எதிரி ரெக்ஸாம். முதல் ஆட்டத்தில் பாங்கர் 3-0 எனத் தோற்றது, இரண்டாவதில் 2-0 என வென்றது. கோல்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் கோப்பை ரெக்ஸாமுக்குப் போயிருக்கும். அன்றைய விதியோ கோல்களை எண்ணவில்லை, வெற்றிகளை எண்ணியது. ஆகவே ரில் நகரத்தில் மூன்றாவது ஆட்டம் நடந்தது. அதில் பாங்கர் 3-1 என வென்று, ஐரோப்பிய நாடுகளின் கோப்பைகளை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் போட்டிக்குள் நுழைந்தது. இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர், இங்கிலாந்தின் செஷயர் மாவட்ட லீகில் ஆடிக்கொண்டிருந்த அணி. குலுக்கலில் வந்து விழுந்ததோ நாப்போலி.

1962 செப்டம்பர் 5, ஃபாரர் ரோடு மைதானம். எவர்ட்டனுக்கும் வேல்ஸுக்கும் தடுப்பாட்டக்காரராக ஆடிப் பெயர் பெற்ற டி. ஜி. ஜோன்ஸ்தான் பாங்கரின் மேலாளர். முதல் பாதியில் ராய் மேத்யூஸ் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியைக் கென் பர்ச் வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 2-0 என முடிந்தது. நாப்போலியின் ஊரான நேப்பிள்ஸில் நடந்த மறு ஆட்டத்தை நாப்போலி 3-1 என வென்றது. மொத்தக் கணக்கு 3-3. வெளியூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் விதி இந்தப் போட்டியில் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அது அன்றே இருந்திருந்தால் நேப்பிள்ஸில் அடித்த ஒற்றைக் கோல் பாங்கரைக் கரையேற்றியிருக்கும். இல்லாததால் லண்டன் ஹைபரி மைதானத்தில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள், நாப்போலி 2-1 எனத் தப்பியது. ரெக்ஸாமிடமிருந்து காப்பாற்றிய அதே மூன்றாவது ஆட்டம் இங்கே கைவிட்டது. அதே போட்டியில் 1985இல் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் அணியுடன் அங்கே 1-1, இங்கே 0-0 என முடித்து, இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் கிடைக்காத அந்த விதியாலேயே பாங்கர் அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்றில் வந்தது ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட். இரண்டு ஆட்டத்திலும் தோல்விதான், ஆனால் மூன்று கோல்களுக்கு மேல் விடவில்லை. அந்த அட்லெட்டிகோ அவ்வாண்டு இறுதிப் போட்டி வரை போன அணி.

1992இல் நீங்கள் வேல்ஸுக்கென்று தனி லீக் தொடங்கினீர்கள். ஆங்கில லீகுகளில் ஆடிவந்த பல கழகங்கள் வர மறுத்தன. பாங்கரும் தயங்கியது, ஆனால் கடைசியில் வந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை லீக் பட்டம் வென்று உங்கள் புதிய லீகுக்குக் கொஞ்சம் மதிப்பையும் தேடித் தந்தது. 2008, 2009, 2010 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேல்ஸ் கோப்பை. 2011இல் கடைசி நாள் ஆட்டத்தில் தி நியூ செயின்ட்ஸ் அணியை 1-0 என வீழ்த்தி மீண்டும் லீக் பட்டம். மறு ஆண்டே மெனாய் நீரிணை ஓரத்து நான்ட்போர்த் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. ஃபாரர் ரோட்டில் இப்போது இருப்பது ஒரு சூப்பர் மார்க்கெட்.

அதன்பின் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2018இல் லீகில் இரண்டாம் இடம் பிடித்த அணிக்கு மேலடுக்கில் ஆடும் உரிமத்தை மறுத்துக் கீழடுக்குக்கு இறக்கினீர்கள். அதில் நான் குறை காணவில்லை. பணக் கணக்கு சரியில்லாத கழகத்தை மேலடுக்கில் வைத்துக்கொண்டிருப்பது பிற கழகங்களுக்குச் செய்யும் அநியாயம். 2021 நவம்பரில் இடைநீக்கம் செய்தபோதும் உங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் கணக்கைக் கெடுத்தவர்கள் ஒரு பக்கம், விலை கொடுத்தவர்கள் மறு பக்கம். நிர்வாகத்தில் கை வைக்கவே முடியாத ரசிகர்கள் 2019இலேயே வெளியேறி, பாங்கர் 1876 என்ற கழகத்தைத் தாங்களே தொடங்கி, மிகக் கீழான மாவட்ட லீகிலிருந்து ஏறி வந்தார்கள். உங்கள் பதிவேட்டில் அது முன்பு எதையும் வென்றிராத கழகம். ஆதரிப்பவர்களோ ஃபாரர் ரோட்டில் நின்ற அதே ஆட்களும் அவர்களது பிள்ளைகளும்.

அப்படியானால் எட்டு வேல்ஸ் கோப்பைகளும் மூன்று லீக் பட்டங்களும் நாப்போலி இரவும் யாருடையவை? செயலிழந்த ஒரு நிறுவனத்துடையவையா? நாளை யாரோ ஒருவர் அந்தப் பெயரையும் சின்னத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ‘1876 முதல்’ என்று பலகை மாட்டினால் என்ன செய்வீர்கள்?

பாரி டவுன் வழக்கு நினைவிருக்கும். 2013இல் அதன் உரிமையாளர் அணியை லீகிலிருந்து விலக்கிக்கொண்டார். நடத்த முன்வந்த ரசிகர்களுக்கு நீங்கள் இடம் தரவில்லை. அவர்கள் உயர் நீதிமன்றம் போய் வென்றார்கள். நான்கே ஆண்டுகளில் அந்த அணி மேலடுக்குக்குத் திரும்பியது. உரிமையாளர் வேறு, கழகம் வேறு என்பதை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை உங்களுக்கு இனியும் வேண்டாம்.

இங்கிலாந்தில் 2025இல் சட்டமே வந்துவிட்டது. ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு இல்லாமல் அங்கே கழகத்தின் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற முடியாது. ஆங்கில லீகுகளில் ஆடுவதால் கார்டிஃப், ஸ்வான்ஸி, ரெக்ஸாம், நியூபோர்ட் நான்கும் அந்தக் குடையின் கீழ் வந்துவிடுகின்றன. உங்கள் பேச்சைக் கேட்டு உங்கள் லீகில் ஆடுகிற கழகங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உரிமம் உங்கள் கையில் இருக்கிறது. பெயர், சின்னம், நிறம், வெற்றிப் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வொரு கழகமும் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று உரிம விதியில் சேருங்கள். உரிமையாளர் நொடித்துப்போனால் அவை அந்த ஊர் ரசிகர் அமைப்புக்குச் சேர வேண்டும், விற்பனைக்குப் போகக் கூடாது. பாங்கர் சிட்டிக்கு இதை முன்தேதியிட்டுச் செய்ய முடியுமா என்று உங்கள் வழக்கறிஞர்களிடம் கேளுங்கள். முடியும் என்றால், பாங்கர் 1876 உறுப்பினர்களைக் கூட்டி, பழைய பட்டங்களை ஏற்க விரும்புகிறார்களா என்று வாக்கெடுப்புக்கு விடுங்கள். புதிய கழகமாகவே இருந்துவிடுகிறோம் என்று அவர்கள் சொல்லவும் கூடும். அதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
கால்பந்து வரலாற்று வாசகன் ஒருவன்