வரிசை எண்ணை மேடையில் வாசிக்காதீர்கள்

மொரீஷியஸ் தமிழ்க் கோவில் சங்க நிர்வாகிகளுக்கும் மாலைத் தமிழ் வகுப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

ஆண்டு முடிவில் உங்கள் மண்டபத்தில் பரிசளிப்பு விழா நடக்கும். மேடையில் குத்துவிளக்கு எரியும், முன்வரிசையில் விருந்தினர் அமர்ந்திருப்பார்கள், ஒலிபெருக்கியில் பெயர்கள் வரும்: முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். சில இடங்களில் அதோடு நிற்பதில்லை. பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தால் பதினெட்டாம் இடம் வரை வாசித்துவிடுகிறார்கள். அந்த வரிசை எண்ணை வாசிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். விழா வேண்டும், பரிசும் வேண்டும். எண் மட்டும் வேண்டாம்.

மனிதர் ஏன் பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதற்கு 1954இல் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் ஒரு விளக்கம் தந்தார். தன் திறமையை அளக்க நேரடியான அளவுகோல் கையில் இல்லாதபோது ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். அதிலும் தன்னைப் போன்றவரையே தேடிப் பார்க்கிறார். ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. தமிழுக்கு என்ன இருக்கிறது? சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளரும் பிள்ளை கடையில் போய் அரைக் கிலோ வெங்காயம் கேட்டு வாங்கி வந்துவிட்டால் போதும், தன் தமிழ் செல்லும் என்று அதற்குத் தெரிந்துவிடும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறார்கள். தமிழை ரூபாய் நோட்டிலும் கோவில் சுவரிலும் பார்க்கிறார்கள். பயன்படுத்துவது வகுப்பறைக்குள் மட்டும். "எனக்குத் தமிழ் வருமா?" என்ற கேள்விக்கு அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பதில் பக்கத்து பெஞ்சுதான். அதனால் வேறெந்தப் பாடத்தைவிடவும் தமிழில் ஒப்பீடு ஆழமாகப் பாய்கிறது.

இன்னொன்று. தமிழ் விருப்பப் பாடம். கணக்கில் கடைசியாக வந்த பிள்ளை அடுத்த ஆண்டும் கணக்குப் படித்தே தீர வேண்டும். தமிழில் கடைசியாக வந்த பிள்ளை கொலேஜுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, போனதும் தமிழை விட்டுவிடலாம்; யாரும் தடுக்கப் போவதில்லை. பதினான்காம் இடம் என்று ஊர் கேட்க வாசிக்கப்பட்ட பிள்ளை அந்த ஆண்டு எத்தனை எழுத்துக் கற்றது, எத்தனை பாட்டு மனப்பாடம் செய்தது என்பதெல்லாம் மறந்துவிடும். "தமிழ் எனக்கு வராது" என்பது நிற்கும். மொழியைக் காக்க என்று நடத்தும் விழா பிள்ளையை மொழியிலிருந்து வெளியே அனுப்புகிறது.

இது வெறும் மனக்கணக்கு இல்லை. இங்கிலாந்தின் மாணவர் பதிவேடுகளை வைத்து ரிச்சர்ட் மர்ஃபியும் ஃபெலிக்ஸ் வெய்ன்ஹார்ட்டும் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பொதுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். தன் ஆரம்பப் பள்ளி வகுப்புக்குள் மேலே இருந்த பிள்ளை, பிறகு வேறு பள்ளியில் புதிய மாணவர்கள் நடுவே போனபோதும் கூடுதலாகச் சாதித்தது. ஆண் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. திறமை அதேதான், சுற்றி இருந்தவர்கள் வேறு. இதற்கு உறவான ஒன்றை ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்தே காட்டிவருகிறார்: கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் கூடிய பள்ளிக்குள் நுழைந்ததும் அதே பிள்ளை தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கத் தொடங்குகிறது. குளம் பெரிதானதும் மீன் சிறிதாகத் தெரிகிறது. தேர்வு எழுதி இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் பருவத்தில் முகம் வாடினால் அது சோம்பல் இல்லை.

இரண்டாம் பரிசு வாங்கும் பிள்ளையின் முகத்தையும் கவனித்துப் பாருங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் காணொளிகளை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர் 1995இல் எழுதினார்கள்: வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தைத் தவறவிட்டதை நினைக்கிறார். வெண்கலக்காரர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடியதை நினைக்கிறார். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2008இல் பெய்ஜிங்கில் புருனோ ஜூலி குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கியபோது, இந்தத் தீவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது என்றுதான் நாம் பார்த்தோம். ஏன் தங்கம் இல்லை என்று யார் கேட்டார்கள்? எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதை மாற்றினால் அதே பதக்கத்தின் எடை மாறுகிறது.

"போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் சோம்பிவிடுவார்கள்" என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது. முதல் இடத்துக்கு அருகில் நிற்கும் மூன்று நான்கு பிள்ளைகள் வரிசையைப் பார்த்து உழைப்பார்கள். மற்றப் பதினான்கு பேருக்கு என்ன ஆகிறது என்பதே எங்கள் கவலை. க்ளூகரும் டெனிசியும் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செயலைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியில் பயன் தந்தது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதற்குத் தாவும்போது இந்தச் சரிவு வருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வரிசை எண் செய்வது அதைத்தான். எண்ணில் ற எது, ர எது என்ற தகவல் இல்லை. ஆளைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இருக்கிறது.

"வாசிக்காவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியாதா?" என்றும் கேட்பார்கள். ஏறக்குறையத் தெரியும். ஆனால் வகுப்புக்குள் தெரிவதும், மாமா, அத்தை, சித்தப்பா எல்லாரும் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பேசுவதும் ஒன்றல்ல.

இனி, செய்ய வேண்டியது. பிள்ளைக்கு வேறொரு அளவுகோல் கொடுக்க வேண்டும். அதன் பழைய நிலையைவிடச் சிறந்தது கிடையாது. பிப்ரவரியில், கிரேடுக்கு ஏற்ற ஒரு பத்தியை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணிப் பிள்ளையின் சொந்த நோட்டில் எழுதுங்கள். மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் மறுபடியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். இருபது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம், ஒரு வகுப்பு நேரம். அக்டோபரில் பிப்ரவரிப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். தன் பழைய குரல் திக்கித் திணறுவதைத் தானே கேட்கும் பிள்ளைக்கு வேறு சான்று தேவைப்படாது.

இதில் கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. அதே பத்தியை நான்கு முறையும் கொடுத்தால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். அடுத்த பத்தி கடினமாக இருந்தால் முன்னேறிய பிள்ளையும் பின்தங்கியதுபோல் தெரியும். ஒரே பாடநூலின் ஒரே அளவுப் பகுதிகளிலிருந்து நான்கு பத்திகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே தேர்ந்து வைத்துவிடுங்கள். எல்லாருடைய கணக்கையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள், அதுவும் வரிசைதான். "மிக அதிகம் முன்னேறியவர்" என்ற பரிசும் வேண்டாம். முதல் முறை காய்ச்சலோடு வாசித்த பிள்ளை அடுத்த முறை தானாகவே உயரும், பரிசு அதற்குப் போகும். தொடக்கத்திலேயே நன்றாக வாசித்த பிள்ளைக்கு உயர இடமே இருக்காது.

நோட்டுத் திருத்துவதில் ஒரு சிறிய மாற்றம். ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார். கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தபோது ஆர்வமும் செயலும் வளர்ந்தன. மதிப்பெண் மட்டும் கொடுத்தால் வளரவில்லை. கருத்தோடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தாலும் வளரவில்லை. எண் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் கண் அதற்குத்தான் போகும். ஆகவே முதலில் கருத்து: சரியாக வந்தது ஒன்று, பிழை ஒன்று, அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்று. "'மழை', 'பழம்' இரண்டிலும் ழகரம் சரி. 'பள்ளி'யில் ஒரு ளகரம் விட்டுப்போனது. நாளை ளகரம் வரும் ஐந்து சொல் எழுதி வா." மதிப்பெண்ணை ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள், அதுவும் மடித்த தாளில்.

மேடைக்கு ஒரு லோரெயாவை, அதாவது பள்ளி இறுதித் தேர்வில் சிறந்து அரசு உதவித்தொகை வென்றவரை, அழைத்துப் பேசச் சொல்வது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் காலம் பார்த்துச் செய்யுங்கள். லாக்வுட், குண்டா இருவரும் 1997இல் காட்டியது இது: சிறந்த மாணவர் ஒருவரைப் பற்றிப் படித்த முதலாண்டுக் கணக்கியல் மாணவர்கள் ஊக்கம் பெற்றார்கள், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த ஊக்கம் கிடைக்கவில்லை. முன்னவருக்குக் காலம் இருந்தது, பின்னவருக்குக் கடந்துவிட்டது. எனவே லோரெயாவை ஆண்டுத் தொடக்கத்தில், சிறிய கிரேடுகளுக்கு அழையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஆறாம் கிரேடு முன் நிறுத்தாதீர்கள். அப்போது தேவைப்படுபவர் போன ஆண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்து, தடுமாறி, தேறிய பிள்ளை. எந்தப் பாடம் வரவில்லை, என்ன செய்தாய் என்று மட்டும் அதைப் பேசச் சொல்லுங்கள்.

ஒப்புவித்தல் போட்டி, கோலப் போட்டி எல்லாம் இருக்கட்டும். விரும்பியவர் மட்டும் சேரட்டும், ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளவர்கள் மோதட்டும், தோற்றால் அன்றோடு முடியட்டும். ஆண்டு முழுவதற்கும் ஒரு எண்ணாக அது ஒட்டிக்கொள்ளக் கூடாது. தைப்பூசத்தில் ஒவ்வொருவரும் தம் நேர்த்திக்காகக் காவடி எடுக்கிறார்கள். யாருடைய காவடி அழகு என்று பார்ப்பவர் உண்டுதான். ஆனாலும் எந்தக் கோவிலும் அதற்கு மதிப்பெண் போட்டு வாசிப்பதில்லை.

பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் முடிவுத் தாள்களின் படங்களை அனுப்பக் கூடாது என்று ஒரு வரி விதி போடுங்கள். வீட்டில் "அவனுக்கு எவ்வளவு?" என்று கேட்பதற்குப் பதில் "எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை தானாக வந்து "நான் எத்தனாவது?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல்லி, கூடவே அதன் நோட்டைத் திறந்து காட்டுங்கள். தேர்வு நாளன்று வயிற்று வலி, திருத்திய தாளை ஒளித்தல், தெரிந்ததையும் எழுதாமல் விடுதல் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தால் அதட்டாமல் ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

விழாவன்று எல்லாப் பிள்ளைகளையும் அகர வரிசையில் மேடைக்கு அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிப் புத்தகம், ஒரே ஒரு வாக்கியம்: இந்த ஆண்டு இவள் கடிதம் எழுதக் கற்றாள், இவன் தேவாரப் பாடல் ஒன்றைப் பிழையில்லாமல் பாடக் கற்றான். ஒரு வாக்கியத்துக்குப் பத்து விநாடி. மேடை ஏறி இறங்க இருபது விநாடி. அறுபது பிள்ளைகள் என்றால் அரை மணி நேரம். விருந்தினர் உரைகளில் ஒன்றைக் குறைத்தால் சரியாகிவிடும். அந்த வாக்கியங்களை அக்டோபரிலேயே ஆசிரியர்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள். விழாவுக்கு முந்தின இரவு கேட்டால் அறுபது பேருக்கும் "நன்றாகப் படித்தார்" என்றே வரும்.

இப்படிக்கு,
தமிழ் கற்பித்தலிலும் குழந்தைகளின் மனநலத்திலும் பணிபுரியும் சிலர்