சரிந்து விழுந்தவருக்குத் தேவை தண்ணீர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஈசிஜி பரிசோதனையின் அவசியத்தைத் தெளிவாக விளக்கியிருந்தது. 1982 முதல் போட்டி வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், இத்தகைய மரணங்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. ஆயினும், இதயத் தமனி பிறவியிலேயே இடம் மாறிக் கிளம்பியிருந்தால் ஈசிஜி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து இதயத் தசையில் ஏற்படும் அழற்சியோ, பரிசோதனை முடிந்த பிறகும் வரக்கூடியது. ஆகவே, மைதானத்தில் நிற்கும் எங்களைப் போன்றோரின் கடமையையும் பேசியாக வேண்டும்.

நான் கால்பந்துப் பயிற்சியாளர். பல ஆண்டுகளுக்கு முன், யாரும் மோதாமல், பந்தும் அருகில் இல்லாத நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் முகங்குப்புறச் சரிந்தார். கைகால்கள் வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று நினைத்தோம். விட்டுவிட்டு வாய் திறந்து இழுத்த மூச்சைக் கண்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்று நம்பி, முகத்தில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தோம். அது சுவாசமே அல்ல, இதயம் நின்றபின் எழும் வெற்று இழுப்பு என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்பும் அவர் ஓட்டத்தின் நடுவே ஒருமுறை மயங்கியிருந்தார்; வெயிலின் களைப்பு என்று விட்டுவிட்டோம். ஓடும்போதே வரும் மயக்கம், இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விளையாட்டை நிறுத்திவைக்க வேண்டிய அறிகுறி என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மோதல் ஏதுமின்றி விழுந்தவர் அழைத்தும் பதில் தராமல் கிடந்தால், கைகால்கள் வெட்டி இழுத்தாலும், இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்த வேண்டும். மார்பு அழுத்தமும், இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கத் தரும் மின்னதிர்ச்சியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் உயிர் மீண்டதும், பின்னர் களத்துக்கே திரும்பியதும், அங்கேயே மார்பை அழுத்தக் கைகளும் மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியும் தயாராக இருந்ததால்தான்.

அந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதை ஓடிப்போய் எடுத்துவரப் போவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமல் எந்த நடுவரும் ஆட்டத்தைத் தொடங்க விசில் ஊதக் கூடாது என்று விதி வகுக்குமாறு, விளையாட்டு அமைப்புகளைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்