அந்தச் சிங்கி இறாலைப் பிடித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கரீபியன் கப்பல் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘ஃபார்மல் நைட்’ விருந்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு இரவுகள் அப்படி அமைகின்றன. ஆண்கள் கோட்டும் டையுமாக வருகிறார்கள். நான் பட்டுப் புடவையில் போனேன். மரியாதையாகவே உட்கார வைத்தார்கள். அந்த இரண்டில் ஓர் இரவு சிங்கி இறால் (லாப்ஸ்டர்) வரும். அதற்காகவே நாளை எண்ணிக் காத்திருப்பவர்களையும் பார்த்தேன். ஆனால் அந்தச் சிங்கி எந்தக் கடலில் பிடிபட்டது, எப்படிப் பிடித்தார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது என் மனத்தை உறுத்துகிறது.

நான் தூத்துக்குடிக்காரி. என் அப்பா சங்கு குளியாள், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். 1961இல் இங்கே கடைசியாக நடந்த முத்துக் குளிப்பிலும் இறங்கியவர். மூச்சடக்கிக் குளித்த காலம் அது. மேலே கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பார்கள். பிறகு, படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாய் வந்தது. ஆழமும் நேரமும் கூடின. என் பெரியப்பா மகன் ஒரு நாள் வேகமாக மேலே வந்தவர்தான், அதன் பின் இடுப்புக்குக் கீழ் உணர்வே திரும்பவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸில் இருக்கும் என் மகன், கால்வெஸ்டனிலிருந்து புறப்படும் கப்பலில் என்னை அழைத்துப் போனான். நான்காம் நாள் ஹோண்டுராஸ் நாட்டின் ரோவாத்தான் தீவில் இறங்கினோம். எங்களைச் சுற்றிக் காட்டிய கார் ஓட்டுநர் தன் மாமனைப் பற்றிச் சொன்னார். சிங்கிக்காகக் குளித்தவராம், இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறாராம். என் பெரியப்பா மகனின் கதையை யாரோ எனக்கே திருப்பிச் சொல்வது போல் இருந்தது.

ஊர் திரும்பியதும் மகனைத் தேடிப் படிக்கச் சொன்னேன். ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளின் கிழக்குக் கரையில் வாழும் மிஸ்கிட்டோ பழங்குடியினர்தான் அங்கே சிங்கிக்குக் குளிப்பவர்கள். பிடித்த எடைக்குத்தான் கூலி. கரையோரத்தில் சிங்கி குறையக் குறைய ஆழத்துக்குப் போகிறார்கள். இருபது பாகத்துக்கும் (சுமார் 120 அடி) கீழே, ஒரே நாளில் காற்று உருளையை மாற்றி மாற்றிப் பல தடவை. ஆழம் காட்டும் கருவி பலரிடம் இல்லை. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்காமல் மேலே வந்தால், அது குமிழாகி முதுகுத்தண்டைப் பாதிக்கிறது. சிங்கியை அளவுக்கு மீறி எடுத்தால் லிவா மைரின் என்ற கடல் தேவதை இப்படித் தண்டிக்கிறாள் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். 42 மிஸ்கிட்டோ குளியாட்களுக்காக நடந்த வழக்கில், ஹோண்டுராஸ் அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன். ஆறாம் நாள் இரவு, தட்டில் சிங்கி வந்தது. கொடுக்கில்லாத வகை, வால் மட்டும். நம் மன்னார் வளைகுடாச் சிங்கிக்கு உறவு என்று பார்த்ததும் தெரிந்தது. இந்தோனேசிய இளைஞர் ஒருவர் முள்கரண்டியாலேயே ஓட்டிலிருந்து சதையைப் பிரித்து, உருக்கிய வெண்ணெயை அருகில் வைத்தார். அத்தனை நேர்த்தி. இது எங்கே பிடித்தது என்று கேட்டேன். அவர் தலைமைப் பணியாளரிடம் கேட்டு வந்து, ‘உறைய வைத்த பெட்டியில் வருகிறது அம்மா, நாடு தெரியவில்லை’ என்றார். அவர்மேல் குறையில்லை. எதிரே இருந்த ஒயின் பட்டியலில் ஒவ்வொரு புட்டிக்கும் ஊரும் ஆண்டும் அச்சிட்டிருந்தது. சிங்கிக்கு அதன் பெயர் மட்டும்தான். அமெரிக்காவில் பெரிய கடைகளில் விற்கும் மீனுக்கு, அது வந்த நாட்டை 2005 முதல் எழுத வேண்டும். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாட்டை எழுதினாலும், எப்படிப் பிடித்தார்கள் என்பது அதில் தெரியாது.

என் தட்டில் இருந்தது குளியாள் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. அதே கடலில் மரக் கூண்டு போட்டும் பிடிக்கிறார்கள். அதில் யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. எது என்று தெரியாமல் என்னால் உண்ண முடியவில்லை. சோறும் காய்கறியும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கப்பல் பயணத்தை யாரும் விட வேண்டாம். வயதானவர்களுக்கு அது அருமையான பயணம். பதிவு செய்யும்போதே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சிங்கி எந்த நாட்டிலிருந்து வருகிறது, கூண்டில் பிடித்ததா குளித்து எடுத்ததா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஒவ்வொரு பயணத்திலும் நூறு பேர் கேட்டால், கொள்முதல் செய்பவர் தன் விற்பனையாளரிடம் அதே கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் வரும் டிசம்பரில் மீண்டும் போவதாக எழுதியிருக்கிறார். அவர் இதைக் கேட்டு, என்ன பதில் வந்தாலும் உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குளியாளின் மகள்,
தூத்துக்குடி