ஆச்சியைக் கொன்றுவிட்டோம்

அடியே தவக்களை,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் நாலு மாதம் ஆகிவிட்டது, தெரியும். திட்டுகளைச் சேர்த்து வை, பொங்கலுக்கு நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலம். தம்பி வழக்கம்போல. ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, மெஸ் சாம்பார் இன்னும் அதே கலர்தானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஆச்சியைக் கொன்றுவிட்டோம்.

பதறாதே, கிழவி கல்லிடைக்குறிச்சியில் ஜம்மென்று இருக்கிறாள். செத்தது வீடியோவில்தான், அதுவும் எங்களுக்குத் தெரியாமல்.

பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மியூசிக் வீடியோ எடுக்கிறோம் என்று சொன்னேன் இல்லையா. பாட்டு எங்கள் ஹாஸ்டல் பெண் ஒருத்தி சொந்தமாக மெட்டுப் போட்டது, 4 நிமிடம் 10 விநாடி. கதை ரொம்பச் சின்னது: முதல் தடவையாக ஊரைவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற பெண், வாசலில் நின்று வழியனுப்புகிற ஆச்சி. ஸ்டேஷனுக்குள் எடுக்க ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று கேட்டுக்கு வெளியே நின்று ரயிலை மட்டும் எடுத்தோம். ஸ்லோமோஷனில் பாடுகிற ஷாட்டுக்கு விநாடிக்கு 50 பிரேமில் எடுக்க வேண்டும், அப்புறம் 25-இல் ஓட்டும்போது உதடு பாட்டோடு சேரவேண்டும் என்றால் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டுப் பாடவேண்டும். அந்த எலிக் குரலைக் கேட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைத்தான் எடுத்திருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை.

எடிட் முடிந்ததும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம். எல்லாரும் சூப்பர், செம, கலர் அள்ளுது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சார் மட்டும், “அவங்க உன்னைப் பத்திச் சொல்றாங்க, படத்தைப் பத்தி இல்ல” என்றார். ஜூனியர் பிள்ளைகளைக் கூட்டி, நீங்கள் யாரும் வாயே திறக்காமல் ஓட்டுங்கள், எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள் என்றார். 23 பேர் வந்தார்கள். 23 துண்டுச்சீட்டு.

அதில் 17 பேர் எழுதியிருந்தது: ஆச்சி இறந்துவிட்டாள், பேத்தி சாவுக்கு ஊருக்குப் போகிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. தூங்கிக்கொண்டே பார்த்தார்களா என்று அறைத்தோழியிடம் கத்தினேன். அப்புறம் ராத்திரி ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த வீட்டுச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும், தாத்தா போட்டோவும் ஆச்சியின் சின்ன வயசுப் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில். தாத்தா போட்டோவுக்குச் சந்தன மாலையும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பும். நம்ம கேமராக்காரி பிரேம் அழகாக வரட்டும் என்று நாலு விரக்கடை நகர்ந்திருக்கிறாள், தாத்தா வெளியே போய்விட்டார், மாலையின் ஓரமும் பல்பும் ஆச்சி போட்டோமேல் வந்து உட்கார்ந்துவிட்டன. போதாததற்கு ஆச்சி வருகிற ஷாட்டெல்லாம் சாயங்கால வெயில், நான் வேறு கலர் கரெக்‌ஷனில் இன்னும் மஞ்சளை ஏற்றிவிட்டேன். மஞ்சளாக இருந்தால் பிளாஷ்பேக் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்த ஷாட் ரயில், அதில் அழுகிற பெண். இதைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள் சொல்லு!

குலஷோவ் என்கிற ரஷ்ய இயக்குநரின் சோதனையை முதல் வருடமே படித்தேன். ஒரே நடிகரின் அசையாத முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினாராம், பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று நடிப்பைப் புகழ்ந்தார்களாம். பத்து மார்க் கேள்விக்கு எட்டு வாங்கினேன். வாங்கி என்ன புண்ணியம்.

சின்னச் சின்னக் குறைகளும் வந்தன. போனில் பார்த்தவர்களுக்குப் பாஸ் கிடார் கேட்கவே இல்லை, ராத்திரிக் காட்சி வெறும் கறுப்பு. அதையெல்லாம் இரண்டு நாளில் சரிசெய்துவிட்டோம். நாங்கள் எல்லாவற்றையும் நல்ல ஹெட்போனும் இருட்டறையுமாக வைத்துப் பார்த்ததன் பலன்.

ஆனால் ஒரு சீட்டு என்னை விடமாட்டேன் என்கிறது. யார் எழுதியது தெரியாது, பெயர் போடச் சொல்லவில்லை. மூன்று வரிக்குப் பதில் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. போன வருடம் பரீட்சை நேரத்தில் அவளுடைய ஆச்சி இறந்திருக்கிறாள், வீட்டில் சொல்லவே இல்லை, பரீட்சை முடிந்து போனபோது போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை அக்கா, இந்தப் பாட்டில் பார்த்துக்கொண்டேன் என்று முடித்திருந்தாள். எனக்குக் கை நடுங்கிவிட்டதுடி. நான் அந்தப் பாட்டை எடுக்கவே இல்லையே.

இப்போது எங்களுக்குள் சண்டை. நான் பல்பு ஷாட்டை வெட்டி, மஞ்சளைக் குறைத்து, ஆச்சி மொட்டைமாடியில் அப்பளம் காயப்போடுகிற ஷாட்டைச் சேர்த்து இரண்டாவது வெர்ஷன் செய்தேன். வேறு எட்டுப் பேருக்குக் காட்டினோம். எட்டுப் பேரும் கதையைச் சரியாக எழுதினார்கள். ஒருத்தர்கூட ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. கேமராக்காரி பழையதே இருக்கட்டும் என்கிறாள், பிரேம் அவளுடையது, சொல்லத்தான் செய்வாள். தவறுதலாக வந்த சாவுக்கு நான் எப்படிப் பெயர் போட்டுக்கொள்வது என்கிறேன் நான். சார் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஆச்சிக்குப் பழையதைப் போட்டுக் காட்டினேன், பயந்துகொண்டேதான். முழுக்கப் பார்த்தாள். “அந்தச் சட்டையில கொக்கி விட்டுப்போயிருக்கு, ஏட்டி சொல்லல?” என்றாள். அவ்வளவுதான் அவள் கருத்து. சாவு விஷயத்தை நானும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

பென் டிரைவில் இரண்டையும் அனுப்புகிறேன், ‘அ’, ‘ஆ’ என்று பெயர். உனக்குக் கதை தெரிந்துவிட்டது, நீ இனி உதவமாட்டாய். அதனால் உன் அறையில் இருக்கிற அந்த ‘மூக்குக்கண்ணாடி’யிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு, எந்த இடத்தில் போனை நோண்டுகிறாள் என்று நேரத்தோடு குறித்து அனுப்பு. 14ஆம் தேதி சமர்ப்பிக்க வேண்டும். சூப்பர் என்று மட்டும் எழுதினால் உன் பச்சைத் தாவணி போட்டோ குரூப்பில் வரும்.

உன்
ஒட்டடைக்குச்சி